எல்லை தாண்டினா வாய்ப்பூட்டு!

ஒரு நிமிஷம் கற்பனை பண்ணுங்க பாஸ்... நீங்க ஜெர்மனியில, மியூனிக் நகரத்து டூரிஸ்ட் கைடு. அங்கே இந்த வேலைக்கு அரசாங்க லைசென்ஸ் கட்டாயம் இல்லை. விஷயமும் பேச்சும் இருந்தா வெளுத்துக் கட்டலாம். உங்க குரூப்போட ரயில் ஏறுறீங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆஸ்திரியாவோட சால்ஸ்பர்க். மோட்ஸார்ட் பிறந்த வீட்டு வாசல்ல நின்னு, '1756-ம் வருஷம்...'னு ஆரம்பிக்கிறீங்க. 'உங்க பேப்பர்ஸ் எங்கே?'னு கேட்டா? ஏன்னா, ஆஸ்திரியாவில் தகுதியை நிரூபிச்சவங்கதான் கைடு!

கோர்ட்டுக்குப் போன கதை

இந்த மல்லுக்கட்டு ரொம்பப் பழசு. வெளிநாட்டிலிருந்து குரூப்போடவே வர்ற கைடுகளிடமும் பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ் மூணும் உள்ளூர் லைசென்ஸ் கேட்டன. 1991 பிப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம், 'இது தேவைக்கு மீறிய கட்டுப்பாடு'ன்னு தீர்ப்பு சொன்னது. ஆனா, ஒரு செக்! சிறப்பு கைடோடு மட்டுமே பார்க்க முடியுற மியூசியங்களுக்கும் வரலாற்றுச் சின்னங்களுக்கும் இந்தச் சலுகை கிடையாது.

இப்ப என்ன ரூல்?

2005-ல் வந்த ஐரோப்பிய யூனியன் சட்டம் (2013-ல் திருத்தினாங்க) ரெண்டு வழி காட்டுது. சும்மா வந்துட்டுப் போறவரா? அந்த நாடு முன்கூட்டியே எழுத்துமூலமா தகவல் கேட்கலாம். உங்க ஊர்ல லைசென்ஸ் முறையே இல்லைன்னா, கடைசி 10 வருஷத்துல ஒரு வருஷமாவது வேலை பார்த்த அனுபவமும் கேட்கலாம்.

அங்கேயே செட்டில் ஆகணுமா? உங்க படிப்பையும் அனுபவத்தையும் அவங்க படிப்போட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. பெரிய இடைவெளி இருந்தா, ஒரு தேர்வு அல்லது அதிகபட்சம் 3 வருஷ மேற்பார்வைப் பயிற்சி. எதுன்னு பொதுவா நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அதாவது, முதல் வகுப்புலேர்ந்து மறுபடி படின்னு விரட்டக் கூடாது. இல்லாததை மட்டும்தான் கேட்கணும்!

உள்ளூர்க்காரர் கோபமும் நியாயம்தானே?

ராப்பகலா படிச்சு, பரீட்சை பாஸ் பண்ணின உள்ளூர் கைடு வேலையில்லாம நிக்க, வெளியூர்க்காரர் வந்து தப்பும் தவறுமா கதை விட்டா வயிறு எரியாதா? மலையேற்ற கைடுகளுக்கு 2016-லேயே 'ஐரோப்பிய புரொஃபஷனல் கார்டு' கிடைச்சிருச்சு. டூரிஸ்ட் கைடுக்கு அந்த கார்டு இல்லை. கயிறு கட்டுற வித்தை எந்த மலையிலும் ஒண்ணுதான். கதை மட்டும் ஊருக்கு ஊர் மாறுமே!

அங்கீகாரம் நிலையானதுன்னும் நினைச்சுடாதீங்க. யூனியனை விட்டு வெளியேறிய பிரிட்டனுக்கு, 2020 முடிஞ்சதோட இந்த வசதியும் போச்சு.

டூரிஸம் படிக்கிற நண்பர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சட்டம் முக்கியமா ஐரோப்பிய யூனியன் குடிமக்களுக்குத்தான். நம்ம ஊர் சர்ட்டிஃபிகேட்டை நீட்டினா தானா கதவு திறக்காது. 'வெளிநாட்டுல கைடு ஆகலாம்'னு யாராவது ஆசை காட்டினா, ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க... 'இந்தப் படிப்பு எந்த நாட்டுல செல்லும் சார்?'