சுருள்முடியும் மூலிகை நேர்ப்பும்

கூந்தலைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பலவாகும். கதுப்பு, ஓதி, குழல், கூழை, ஐம்பால் என்று சங்கப் புலவர்கள் அதனைப் பலவாறு அழைத்தனர். அளகம், சுரியல் என்னும் சொற்கள் சுருண்ட முடிக்கே உரியவை. ஆற்று நீர் வடிந்தபின் கருமணலில் வரிவரியாகப் படியும் நெளிவுக்கு அறல் என்று பெயர். பொருநராற்றுப்படை பாடினியை முடி முதல் அடி வரை வருணிக்கப் புகும்போது, அவளது கூந்தலை முதற்கண் அந்த அறலுக்கே ஒப்பிடுகின்றது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் காட்டும் தலைவனின் முடியும் சுருண்டு வளர்ந்ததே. எண்ணெய் நீவித் தகரச் சாந்து பூசப்பெற்றதே. நெளிவும் சுருளும் நம் முன்னோர்க்கு அழகாகத் தோன்றினவேயன்றிக் குறையாகத் தோன்றவில்லை என்பதற்கு இவை சான்றுகளாம்.

இன்று அந்நிலை மாறிவிட்டது. மணநாள் நெருங்கும் பெண்ணின் முடி கோல்போல் நேராக விழ வேண்டும் என்னும் எண்ணம் நகரங்களைக் கடந்து கடற்கரைச் சிற்றூர்களுக்கும் வந்துள்ளது. எம் ஊராகிய தங்கச்சிமடம் மல்லிகை நாற்றுக்குப் பெயர் பெற்றது. இங்கு வேர்பிடித்த பதியன்கள் தமிழகத்தின் பல பகுதிகளிலும் பூக்கின்றன. கூந்தலுக்கு மலர் தரும் இவ்வூரிலும், முடியை நேராக்கும் 'மூலிகை'க் குழம்புகளைப் பற்றி மாணவியர் வினவக் கேட்கின்றோம். "மூலிகைதானே, இதனால் என்ன கேடு வரும்?" என்பதே அவ்வினா. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முடியின் அமைப்பு

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய மேலுறையும், அதனுள் நீண்ட புரத இழைகள் நிறைந்த உட்பகுதியும் அதற்கு உண்டு. இந்த இழைகளைப் பிணைத்து நிறுத்துவனவற்றுள் இரண்டை இங்கு அறிதல் போதும்.

முதலாவது ஹைட்ரஜன் பிணைப்பு. இது நொய்ம்மையானது; நீர் பட்டால் அவிழும், உலர்ந்தால் மீண்டும் சேரும். சுருக்கம் விழுந்த பருத்தித் துணியை நீர் தெளித்துத் தேய்த்தால் மடிப்பு நேராவதும், மீண்டும் நனைந்தால் கலைவதும் போன்றதே இது. சூட்டுக் கருவியால் காலையில் நேராக்கிய முடி, பாம்பன் பாலத்தைக் கடந்து வரும் ஈரக்காற்றில் மாலைக்குள் சுருண்டுவிடுவதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது கந்தகப் பிணைப்பு. இது வலியது. நீருக்கோ எண்ணெய்க்கோ இளகாது. சுருள்முடி சுருளாகவே நிலைத்திருக்க இப்பிணைப்பு பெரிதும் துணை செய்கின்றது. முடியைப் பல மாதங்களுக்கு நேராக்க விழைவோர் இப்பிணைப்பை அறுக்கவேண்டும். அன்றேல் புரத இழைகளை வேறொரு பொருளால் புதிதாகப் பூட்டிவிடவேண்டும். அவ்வாறு செய்தாலும் வேரிலிருந்து புதிதாக வளரும் முடி சுருண்டே வளரும். சுருளின் வடிவத்தைத் தோலுக்குள் இருக்கும் முடிக்குழியே வகுக்கின்றது.

தாவரப் பொருள்கள் செய்வது என்ன?

நம் இல்லங்களில் வழங்கும் பொருள்களை இனிக் காண்போம். சீயக்காயிலும், உசிலை இலையாகிய அரப்பிலும் நுரைக்கும் இயல்புடைய சப்போனின்கள் உள்ளன. இவை அழுக்கையும் எண்ணெயையும் நீக்குகின்றன. உவர் கலந்த கடினநீரில் சவர்க்காரம் திரிந்து முடியில் படிவதுபோல் இவை படிவதில்லை. ஆதலால் கடற்கரை ஊர்களுக்கு இவை மிகவும் பொருந்துவன.

செம்பருத்தி இலைத் தாளி, வெந்தயம், கற்றாழை ஆகியவற்றின் கொழகொழப்பான சாறு முடியின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, எழுந்து நிற்கும் செதில்களைப் படியச் செய்கின்றது. தேங்காய் எண்ணெய் இவற்றினும் ஒருபடி மேலானது. அதிலுள்ள லாரிக் அமிலம் முடியின் உள்ளே புகவல்லது. 2003இல் வெளிவந்த மும்பை ஆய்வு ஒன்று, தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைப்பதையும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்யாமையையும் காட்டியது. தேங்காய்ப்பால், எலுமிச்சைச் சாறு, சோளமாவு மூன்றையும் காய்ச்சிப் பூசும் முறையிலும் வேலை செய்வன நீரும் கொழுப்பும் மாவுப் படலமுமே.

இவை அனைத்தும் முடியை வழுவழுப்பாக்கும். பாரத்தால் சுருளைச் சற்றே தளர்த்தும். சிக்கு விழாமல் காக்கும். ஆனால் இவற்றுள் ஒன்றேனும் கந்தகப் பிணைப்பை அறுப்பதில்லை. இரண்டொரு முறை தலை குளித்தால் சுருள் திரும்பிவிடும். அவ்வாறு திரும்புவது குறையன்று. முடி கெடவில்லை என்பதற்கு அதுவே அடையாளமாகும்.

ஆகவே ஒரு பொது விதி கிடைக்கின்றது. பலமுறை குளித்தபின்னும் முடி நேராகவே நின்றால் அந்த வேலையைச் செய்தது மூலிகை அன்று. அதனுடன் கலந்துள்ள வேறொன்றே அதைச் செய்தது.

தாவரம் என்பது பிறப்பு, தன்மை அன்று

தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் மென்மையானதாகிவிடாது. எம் கடற்கரையின் உவர்நிலங்களில் உமரிச் செடி தானாகவே வளர்கின்றது. இத்தகைய உவர்ச்செடிகளை எரித்த சாம்பலில் சோடியம் கார்பனேட்டு உண்டு. அச்சாம்பல் நீருடன் சுண்ணாம்பு சேர்த்தால் கிடைப்பது எரிசோடா. அது தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் பார்வையைப் போக்கும். மேலைநாடுகளில் முடியை நேராக்க நெடுங்காலமாகப் பயன்படும் கடுங்காரக் குழம்புகளின் உயிர்ப்பொருளும் இதே எரிசோடாதான்.

மால்கம் எக்ஸ் தம் தன்வரலாற்றில் (1965) இதனை விளக்கியுள்ளார். அவர் இளைஞராகப் பாஸ்டன் நகரில் வாழ்ந்த காலத்தில், உருளைக்கிழங்கும் முட்டையும் எரிகாரமும் கலந்த குழம்பைத் தலையில் பூசிச் சுருள்முடியை நேராக்கிக்கொண்டார். தலை தீப்பற்றியதுபோல் எரிந்ததாம். பிறர் முடியைப்போல் தம் முடியும் தோன்றவேண்டி அவ்வலியைத் தாங்கியதைத் தம்மைத் தாமே இழிவுபடுத்திக்கொண்ட செயலாக அவர் பின்னாளில் கருதினார். அக்குழம்பில் கிழங்கு பெரும்பங்கு இருந்தது. ஆயினும் வேலை செய்தது காரமே. இன்றைய 'மூலிகை நேர்ப்பு'களுக்கும் இவ்வெடுத்துக்காட்டு பொருந்தும்.

1994இல் 'ரியோ' என்னும் பெயருடைய முடி நேர்ப்பி ஒன்று அமெரிக்காவில் தொலைக்காட்சி விளம்பரங்கள் வழியே விற்கப்பட்டது. பிரேசில் நாட்டுக் காட்டுத் தாவரங்களால் ஆன இயற்கைப் பொருள் என்று அதனைப் புகழ்ந்தனர். வாங்கியவர் பலருக்கு முடி கொட்டியது, தலைத்தோல் புண்ணாயிற்று, சிலருக்கு முடி பச்சை நிறமாயிற்று. முறையீடுகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அதில் செம்பு உப்பும் கடும் அமிலத்தன்மையும் இருந்தன. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அவ்வாண்டு டிசம்பரில் மக்களை எச்சரித்தது.

இன்றைய இரண்டு பொருள்கள்

அழகு நிலையங்களில் 'கெரட்டின் சிகிச்சை' என்று வழங்குவனவற்றுள் பலவற்றில் பார்மால்டிஹைடு இருந்தமை பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. குழம்பைப் பூசிச் சூட்டுக் கருவியால் தேய்க்கும்போது அது வளியாகி வெளியேறும். கண்ணும் தொண்டையும் எரியும். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் இதனை மனிதரில் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாக வகைப்படுத்தியது. வாடிக்கையாளர் ஆண்டுக்கு இருமுறை இதனை முகர்கின்றார். அழகுக்கலை பயின்று அங்கே பணிபுரியும் நம் ஊர்ப் பெண்களோ நாள்தோறும் முகர நேரிடுகின்றது. இக்கேட்டில் அவர்களையே நாம் முதலில் எண்ணவேண்டும்.

'பார்மால்டிஹைடு அற்றது' என்ற பெயரோடு பின்னர் வந்தது கிளையாக்சிலிக் அமிலம். இவ்வமிலம் தாவரங்களிலும் இயற்கையாக உண்டாவது. ஆயினும் தலைத்தோல் வழியே உடலினுள் புகுந்தால் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கக்கூடும். இஸ்ரேல் நாட்டு மருத்துவர்கள் 2023இல் வெளியிட்ட அறிக்கை, 2019 முதல் 2022 வரை முடி நேர்ப்புக்குப்பின் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளான 26 பேரைப் பற்றிக் கூறுகின்றது. இளம்பெண் ஒருவர் 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நேர்ப்புச் செய்துகொண்ட ஒவ்வொரு முறையும் சிறுநீரகப் பாதிப்புற்றதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2024இல் வெளியிட்டனர். அவருக்குப் பூசிய குழம்பில் கிளையாக்சிலிக் அமிலம் இருந்தது.

2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வேதி நேர்ப்பிகளை ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியோருக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 விழுக்காடு எனவும், பயன்படுத்தாதோருக்கு 1.64 விழுக்காடு எனவும் அது மதிப்பிட்டது. இது தொடர்பைக் காட்டுவதேயன்றிக் காரணத்தை முற்ற நிறுவுவது அன்று; எனினும் புறக்கணிக்கத் தக்கதும் அன்று.

மருதோன்றி

பெருநாள் இரவிலும் மண வீட்டிலும் நம் கைகளைச் சிவக்க வைக்கும் மருதோன்றி, தாவரங்களுள் தனித்தன்மை உடையது. அதன் இலையிலுள்ள லாசோன் என்னும் நிறப்பொருள் கெரட்டினோடு இறுகச் சேர்ந்து முடியைத் தடிக்கச் செய்யும். அதனால் சுருள் சிறிது தளர்வதாகத் தோன்றலாம். கந்தகப் பிணைப்போ அப்படியே இருக்கும்.

மருதோன்றியின் உண்மை நிறம் செம்மையே. அது ஊற நேரமும் வேண்டும். சில நிமிடங்களில் கருமை தருவது தூய மருதோன்றி அன்று. கருமைக்காகச் சேர்க்கப்படும் பாரா-பினைலீன்டையமீன் தோலில் கொப்புளங்களை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை தோன்றினால் வாழ்நாள் முழுதும் தொடரலாம். தூய மருதோன்றியும் ஜி-6-பி-டி நொதிக் குறைபாடுடைய குழந்தைகளுக்குக் குருதிச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடும். ஆதலின் கைக்குழந்தைகளுக்கு அதனைப் பூசாதிருத்தல் நன்று.

கைக்கொள்ளத் தக்கவை

பெயரைப் பாராது, பொதியில் அச்சிட்டுள்ள உட்பொருள் பட்டியலைப் பார்க்கவேண்டும். பட்டியல் இல்லாத பொடியையும் குழம்பையும் வாங்கலாகாது. புதிய பொருளை முன்கையில் சிறிது பூசி இரண்டு நாள் பார்த்தல் நல்லது. ஆனால் அச்சோதனை ஒவ்வாமையை மட்டுமே காட்டும். சிறுநீரகக் கேட்டையோ நெடுநாள் தீங்கையோ காட்டாது. கருவுற்றோரும் தலையில் புண்ணுடையோரும் வேதி நேர்ப்பை அறவே தவிர்க்கவேண்டும். நேர்ப்புச் செய்துகொண்டபின் வாந்தியோ இடுப்பு வலியோ சிறுநீர்க் குறைவோ தோன்றினால் உடனே மருத்துவரை அணுகி, தலையில் பூசியது இன்னதென்று சொல்லவேண்டும். கேளாமல் அவர் அதனை உய்த்துணர்தல் அரிது.

முடிவுரை

சீயக்காயும் அரப்பும் செம்பருத்தியும் தேங்காயெண்ணெயும் முடியைப் பேணுவன. அதன் இயல்பை மாற்றுவன அல்ல. மாற்றுவேன் என்று கூறி மூலிகைப் பெயரில் வருவது எதுவாயினும், அதனுள் மறைந்திருப்பது காரமா, அமிலமா, பார்மால்டிஹைடா என்று கேட்டறிவது நம் உரிமை. நேரான முடியை விரும்புதல் பிழையன்று. அறியாமல் அதற்கு உடல்நலத்தை விலையாகத் தருதலே பிழை. சுருள்முடியோடு பிறந்த நம் பெண்மக்களிடம், அது திருத்தவேண்டிய குறை அன்று என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் இளமையிலேயே எடுத்துச் சொல்லவேண்டும்.