வலி அறிவோம் – 17: பின்னாலிருந்து ஓர் இடி

சிக்னலில் நிற்கும் காரைப் பின்னால் வந்த கார் இடிக்கிறது. பம்பர் லேசாக நசுங்கியிருக்கிறது, யாருக்கும் ரத்தக் காயம் இல்லை. இறங்கி நாலு வார்த்தை சத்தம் போட்டுவிட்டு அவரவர் வழியில் போய்விடுகிறார்கள். மறுநாள் காலையில்தான் தெரிகிறது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பின்மண்டையில் வலி, தோள்பட்டையில் இறுக்கம், சிலருக்குத் தலைசுற்றல். இதுதான் ‘விப்லாஷ்’.

அந்த இடியில் கழுத்துக்குள் நடப்பதை நிதானமாகப் பார்ப்போம். அது நடந்து முடிய நொடியில் பத்தில் ஒரு பங்குதான் ஆகிறது. இருக்கை முன்னால் தள்ளப்படுகிறது. அதோடு முதுகும் மார்பும் போகின்றன. சுமார் ஐந்து கிலோ எடையுள்ள தலை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. நடுவில் மாட்டிக்கொள்பவை ஏழு முள்ளெலும்புகள். கீழே உள்ளவை பின்பக்கமும் மேலே உள்ளவை முன்பக்கமும் வளைய, கழுத்து ஒரு கணம் இரட்டை வளைவாக நெளிகிறது. நாமாக எத்தனை முயன்றாலும் கழுத்தை அப்படி வளைக்க முடியாது. தசைகள் சுதாரித்து இறுகுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. தலை பின்னால் சாய்வதுதான் பிரச்சினை என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள்; 1990-களில் யேல் பல்கலைக்கழகத்தில் மனோகர் பஞ்சாபியின் குழு, தானமாகக் கிடைத்த கழுத்தெலும்புகளைக் கொண்டு இந்த நெளிவைக் காட்டியது.

முள்ளெலும்புகளின் பின்புறம் சின்னச் சின்ன மூட்டுகள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. நெளிவில் அவற்றின் உறை இழுபடுகிறது, நசுங்குகிறது. எக்ஸ்-ரேயில் இது தெரியாது, எம்.ஆர்.ஐ.யிலும் பெரும்பாலும் தெரிவதில்லை. “ரிப்போர்ட் நார்மல்னு சொல்றாங்க டாக்டர், ஆனா வலி உயிர் போகுதே” என்று வருபவர் நடிக்கவில்லை. இதற்கு நல்ல ஆதாரம் 1996-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நாள்பட்ட வலியுள்ள 24 பேரை நிகோலாய் பொக்டுக்கின் குழு எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்கு அந்த மூட்டுகளுக்குப் போகும் மெல்லிய நரம்பைச் சூடாக்கி மரத்துப்போகச் செய்தார்கள். மற்றவர்களுக்கு ஊசியை மட்டும் வைத்து, சூடு கொடுக்கவில்லை. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. வலி மறுபடி பாதியளவு திரும்ப, சூடு பெற்றவர்களுக்கு இடைநிலை அளவாக 263 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 8 நாள். அந்த மூட்டில் வலி நிஜமாகவே இருந்திருக்கிறது.

சரி, கழுத்தில் அடிபட்டவருக்கு முதலில் என்ன செய்வது? எலும்பு முறிவு இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். கனடாவில் 2001-ல் வகுத்த விதியைப் பல நாட்டு அவசரப் பிரிவுகளில் பின்பற்றுகிறார்கள். 65 வயது ஆனவர், வண்டி உருண்டு அடிபட்டவர் அல்லது வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர், கை கால் மரத்துப்போனவர் அல்லது கூசுகிறவர் என்றால் கட்டாயம் படம் எடுக்க வேண்டும். பைக்கிலிருந்து தூக்கி வீசப்பட்டவரை ஆளுக்கொரு கை பிடித்து ஆட்டோவில் மடக்கித் திணிக்கும் வழக்கம் நம் சாலைகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டு 108-க்காகக் காத்திருங்கள். அந்த நிலையில் கழுத்துக்குக் காலர் அவசியம்.

முறிவு இல்லை என்று தெரிந்த பிறகு கதை மாறுகிறது. வாரக்கணக்கில் காலர் மாட்டிக்கொண்டு, “அசையாம படு” என்று வீட்டார் அதட்ட, கழுத்துத் தசைகள் சோம்பிப்போய் மூட்டுகள் இறுகிவிடுகின்றன. சீக்கிரம் அசைத்தவர்களே சீக்கிரம் தேறுகிறார்கள் என்று ஆய்வுகள் 1980-களின் இறுதியிலிருந்தே சொல்லிவருகின்றன. ஆனாலும் காலர் மோகம் நம்மிடம் குறையவில்லை. முதல் சில நாள் பாராசிட்டமால், வழக்கமான வேலை, இடையிடையே பயிற்சி. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடை தோளை நோக்கிப் போகும்படி மெதுவாக வலப்பக்கம் திருப்புங்கள். வலி கூடத் தொடங்கும் இடத்தில் நின்று, நடுவுக்கு வந்து, இடப்பக்கம். ஐந்தாறு முறை போதும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். ஆனால், சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள். கழுத்தெலும்புக்குள் ஏறி மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

இனி ஒரு சங்கடமான விஷயம். லிதுவேனியாவின் கௌனஸ் நகரில், பின்னாலிருந்து இடிபட்ட 202 பேரை விபத்து நடந்து ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் கழித்து விசாரித்தார்கள். விபத்தே நேராத மற்றவர்களைவிட இவர்களிடம் கழுத்துவலி கூடுதலாக இல்லை. அங்கே அப்போது காயத்துக்கான காப்பீடு பெற்றவர்கள் மிகக் குறைவு. இந்தக் காயத்தைப் பற்றிய பேச்சும் இல்லை. 1996-ல் வெளியான இந்த ஆய்வைக் காட்டி, ‘எல்லாம் பணத்துக்காகச் சொல்லும் பொய்’ என்று சிலர் கிளம்பினார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். பயமும், ‘இனி சரியாகாது’ என்ற எண்ணமும், இழப்பீட்டுக்காகத் தீர்ப்பாயத்தில் வருடக்கணக்கில் இழுக்கும் வழக்கும் நிஜமான வலியையே நீட்டிவிடுகின்றன. தேறிவிடுவோம் என்று நம்புகிறவர்கள் விரைவாகத் தேறுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் முதல் நாளே நோயாளியிடம் தைரியம் சொல்வதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

காரில் தலைக்குப் பின்னால் இருக்கும் திண்டு சாய்ந்து தூங்குவதற்காக வந்ததல்ல; இந்தக் காயத்தைத் தடுக்க வந்தது. அமெரிக்காவில் 1969-லேயே புதிய கார்களின் முன்னிருக்கைகளில் அதைக் கட்டாயமாக்கினார்கள். நம்மில் பலர் அதைக் கடைசி மட்டத்துக்கு இறக்கிவிட்டு, மறந்தே போகிறோம். அதன் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வரட்டும்; பின்மண்டைக்கும் அதற்கும் நடுவே நாலு விரல் இடைவெளிக்கு மேல் வேண்டாம்.

(தொடரும்)