மூடிய சன்னலும் திறந்த கஜானாவும்

விடியுமுன் எழுந்து, இருட்டோடு இருட்டாக வேலைக்குப் புறப்படுகிறான் ஒரு தொழிலாளி. பக்கத்து வீட்டுச் சன்னலில் திரை விலகவில்லை. 'நான் உழைக்கிறேன், அவன் சர்க்கார் காசில் உறங்குகிறான்!' என்று அவன் நெஞ்சு கொதிக்கிறது.

இந்தச் சித்திரத்தைத் தீட்டியவர் யார் தெரியுமா, தோழர்களே? பிரிட்டனின் நிதியமைச்சராக இருந்த ஜார்ஜ் ஆஸ்போர்ன்! 2012 அக்டோபரில், கன்சர்வேடிவ் கட்சி மாநாட்டு மேடையிலே!

உழைப்பவன் மீது என்ன கரிசனம்! ஆனால் திரைக்குப் பின்னால் இருப்பவன் நோயாளியா, ஆலை மூடி வேலை இழந்தவனா, இரவு ஷிப்டு முடித்து வந்து படுத்தவனா? அந்த விசாரணை அவருக்குத் தேவைப்படவில்லை.

நாட்டுக்கு நெருக்கடி வந்தது எதனால்? 2008-இல் பாங்கு முதலாளிகள் ஆடிய சூதாட்டத்தால். ராயல் பாங்க் ஆப் ஸ்காட்லாந்து என்ற ஒரே பாங்கைக் கைதூக்கிவிட அரசு கொட்டிய பணம் 4,550 கோடி பவுன். கடைசிப் பங்கை விற்று முடித்த 2025-இல் கணக்குப் பார்த்தால், மக்கள் பணத்தில் 1,000 கோடி பவுனுக்கு மேல் நட்டம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டுமே. அதற்குத்தான் பக்கத்து வீட்டுச் சன்னல்!

பிரசாரம் பலித்தது. 2013-இல் நடந்த ஒரு கருத்துக் கணிப்பில், உதவித்தொகையில் நூற்றுக்கு 24 பவுன் மோசடியில் போகிறது என்று மக்கள் நம்பினர். சர்க்கார் கணக்கோ 70 பென்ஸ்தான்! திருடினவனைத் தண்டியுங்கள், நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஒரு பவுன்கூடத் தேறாத குற்றத்துக்கு நூறு பவுனையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியா?

அதே 2013 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். அரசு குடியிருப்பில் வாழும் ஏழையின் வீட்டில் ஓர் அறை உபரி என்றார்கள். வாடகையில் 14 சதவீத அளவுக்கு உதவியை வெட்டினார்கள். அதே மாதத்தில், ஒன்றரை லட்சம் பவுனுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு வரி 50 சதவீதத்திலிருந்து 45 ஆக இறங்கியது. ஏழைக்கு வெட்டு, செல்வனுக்குச் சலுகை!

அந்தத் தொழிலாளியாவது பிழைத்தானா? அதுவும் இல்லை. உதவித்தொகை ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் உயராதபடி அந்த ஆண்டே சட்டம் கட்டினார்கள். குறைந்த கூலிக்காரன் பெற்றுவந்த உதவியும் அதே கயிற்றில் கட்டுண்டது. அண்டைவீட்டானுக்கு என்று ஓங்கிய கோல் அவன் முதுகிலும் விழுந்தது!

இது புதிய வித்தையல்ல. 1834-இலேயே ஏழைகள் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். உதவி கேட்டவனின் நிலை, மிகக் கீழான கூலிக்காரனின் நிலையைவிட மோசமாக இருக்கவேண்டும் என்பது அதன் தத்துவம். உழைப்போர் விடுதி என்ற பெயரில் கணவனை ஒருபுறம், மனைவியை ஒருபுறம் பிரித்து அடைத்தார்கள். வேலையற்றவனின் கதியைக் காட்டி மிரட்டினால், வேலையிலிருப்பவன் கிடைத்த கூலிக்கு வாய்பொத்தி உழைப்பானல்லவா? அந்தச் சட்டத்தின் மிச்சசொச்சத்தைக் குழிதோண்டிப் புதைக்க 1948 வரை ஆயிற்று!

தோழர்களே! எந்த நாட்டிலாகட்டும், பக்கத்து வீட்டுச் சன்னலைச் சுட்டிக்காட்டி ஒருவர் பேசும்போது, சன்னலைப் பார்க்காதீர்கள். சுட்டுகிற கை யாருடையது, அவரது மறு கை யாருடைய பையில் இருக்கிறது என்று பாருங்கள்!