சுழி பார்த்தாச்சு, கால் பார்த்தாச்சா?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது சுழி. அப்புறம் நிறம், காது நுனி இரண்டும் கூடுகிறதா, மேளத்துக்கு ஆடுமா என்பதெல்லாம். சுழி அவரவர் நம்பிக்கை. ஆனால் லட்சம் லட்சமாகக் கொடுத்து வாங்கும் குதிரையை மருத்துவரிடம் காட்டாமலே வண்டியில் ஏற்றுகிறார்களே, அதுதான் விளங்கவில்லை. மருத்துவர் நீங்கள் அழைத்து வந்தவராக இருக்க வேண்டும்; விற்பவருக்கு வழக்கமாக வைத்தியம் பார்ப்பவர் வேண்டாம்.

முதலில் கால்

மணலில் நடத்திக் காட்டினால் லேசான நொண்டல் தெரியாமல் போகும். கெட்டித் தரையில், ஆள் ஏறாமல், நேராக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே போகும். நல்ல கால் ஊன்றும்போது தாழும். கயிற்றைத் தாடையருகே இறுக்கிப் பிடித்து ஓட்டினால் இந்தத் தலையாட்டம் மறைந்துவிடும். கயிற்றைத் தளர்த்தச் சொன்னதும் தரகர் முகம் சுளித்தால் உஷாராகிவிடலாம்.

அடுத்து மருத்துவர் மூட்டை ஒரு நிமிடம் வரை மடக்கிப் பிடித்திருந்து, விட்ட உடனே ஓட வைப்பார். மூட்டுக் கோளாறு அந்த முதல் சில அடிகளில் வெளிப்படலாம். குளம்பை இடுக்கியால் அழுத்தி வலி இருக்கிறதா என்று பார்ப்பார். குளம்புச் சுவரில் வளையங்கள் தெரிந்து, அவை குதிப் பக்கம் அகன்று போனால், முன்பு குளம்புக்குள் அழற்சி வந்திருக்கக்கூடும்.

மருந்து தந்த ஓட்டம்

ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலி மருந்து கொடுத்துவிட்டால் நொண்டிக் குதிரையும் அன்றைக்கு நன்றாக ஓடும். பிரிட்டனில் பரிசோதனையன்றே ரத்தம் எடுத்து ஆறு மாதம் வைத்திருப்பார்கள். பிறகு சந்தேகம் வந்தால் சோதிக்கலாம். நமக்கு எளிய வழி, விற்பவரின் லாயத்துக்கே போய்ச் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பது.

வாய், கண், இதயம்

ஐந்து வயதில் நிலைப்பற்கள் நிறைந்துவிடும். பத்துக்கு மேல் பல்லைப் பிடித்துச் சொல்லும் வயது உத்தேசம்தான். கண்ணை இருட்டில் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். ஓட்டிய பிறகும் கேட்டால்தான் முழு விவரம் கிடைக்கும்.

ரத்தச் சோதனை

கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும் பாக்டீரியா நோய். மூக்கில் சளி, தோலில் கட்டி, புண் இவை அடையாளம். ஆனால் வெளியே ஒன்றும் காட்டாத குதிரையிலும் கிருமி இருக்கலாம். தடுப்பூசி கிடையாது. நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதுதான் நடைமுறை. ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் இதற்கான ரத்தச் சோதனை செய்கிறார்கள். முடிவு கைக்கு வருமுன் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அறிக்கையில் உள்ள நிறம், வெள்ளைக் குறி, சுழி எல்லாம் எதிரே நிற்கும் குதிரையோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். சுழி குதிரைக்குக் குதிரை மாறுவதால் அடையாளத்துக்கு நன்றாகவே உதவும்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று வாரம் மற்ற குதிரைகளிடமிருந்து தள்ளிக் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கட்டும். டெட்டனஸ் தடுப்பூசி போட்ட தேதி விற்பவருக்குத் தெரியவில்லை என்றால், போடவில்லை என்றே வைத்துக்கொண்டு முதலிலிருந்து போடச் சொல்லுங்கள்.