பழைய கார் வாங்கினால்

டாடா இண்டிகா கார் புனேயில் தயாரானது. 1998-ல் அறிமுகமானது. 2018-ல் தயாரிப்பு நின்றது. பழைய இண்டிகா குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் அதில் எதை, எப்போது மாற்றினார்கள்? பல கார்களுக்குக் கணக்கு இருக்காது. அப்படியானால் எதையுமே மாற்றவில்லை என்று நினைப்பதே நல்லது.

முதல் வேலை பிரேக். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புனேயின் தெற்கே காத்ரஜ் மலைப்பாதை இருக்கிறது. மலையில் இறங்கும்போது பிரேக்கை அடிக்கடி மிதிக்க வேண்டும். பிரேக் சூடாகும். ஆயிலில் கலந்த நீர் ஆவியாகும். பிறகு மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. உயிருக்கே ஆபத்து. ஆகவே, கார் வாங்கியதும் பிரேக் ஆயிலை மாற்ற வேண்டும். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

அடுத்தது டயர். அதன் பக்கவாட்டில் தயாரித்த காலம் நான்கு இலக்கங்களில் இருக்கும். 1219 என்றால், 2019-ஆம் ஆண்டின் 12-ஆம் வாரம். தேயாத டயரும் வயதானால் வெடிக்கலாம்.

இன்ஜின் ஆயிலையும் டைமிங் பெல்ட்டையும் மாற்ற வேண்டும். ஓடும்போது பெல்ட் அறுந்தால் இன்ஜினே கெட்டுவிடும்.

மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அன்று முதல் அந்தக் காருக்குக் கணக்கு உண்டு.