ஆகாய சூரனும் குலசைக் கடலும்

பாடப் புத்தகத்துக்குள் சித்திரக் கதையை ஒளித்துப் படிக்கிறானா உங்கள் பையன்? 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டு வந்ததிலிருந்து வீட்டுக்கு வீடு நடக்கிற கூத்துதான். பிடுங்கிக் கிழித்துவிடாதீர்கள், சகோதரி! முதலில் நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

அமெரிக்கச் சித்திரக்காரர் அலெக்ஸ் ரேமண்ட் 1934-ல் தொடங்கிய ‘பிளாஷ் கார்டன்’ கதையையே எடுத்துக்கொள்வோம். டாக்டர் ஜார்க்கோவ் கட்டிய ராக்கெட்டில் பிளாஷும் டேல் என்ற பெண்ணும் அவரோடு மாங்கோ கிரகத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். அங்கே ஆட்சி செய்பவன் மிங் என்ற கொடுங்கோலன். படங்கள் வெகு ஜோர்! டேலின் பாடுதான் பரிதாபம். அகப்பட்டுக்கொள்வதும் மீட்கப்படுவதுமே அவளுக்கு வேலை! எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அந்த ராக்கெட் நினைத்த பக்கமெல்லாம் திரும்புகிறதே, நிஜ ராக்கெட்டுக்கு அது கட்டுமா? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகிற ராக்கெட், இலங்கைக்கு மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். சின்ன ராக்கெட்டுக்கு அந்த எரிபொருள் செலவு தாங்காது. தூத்துக்குடி ஜில்லாவில், தசரா வேஷங்களுக்குப் பேர்போன குலசேகரப்பட்டினத்திலிருந்து கிளம்பினாலோ, நேர் தெற்கே வெறும் கடல்தான். அதனால்தான் 2024 பிப்ரவரியில் அங்கே ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

அடுத்த தடவை திருச்செந்தூர் போனால், இன்னும் கொஞ்சம் தெற்கே போய்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கடலைக் காட்டுங்கள். பையனுக்கு மட்டுமல்ல, பெண்ணுக்கும்தான்.