நெற்கலம் செல்லும் திசை: பொன்னியின் செல்வன் திரைப்படங்களும் அவற்றின் திறனாய்வு வரவேற்பும்

ஆய்வுச் சுருக்கம்

மணிரத்னம் இயக்கிய பொன்னியின் செல்வன் திரைப்படத்தின் இரு பாகங்களும் வெளிவந்தபோது எழுந்த விவாதங்கள், மூலநாவலினின்று விலகல், இராசராசனின் சமய அடையாளம் ஆகிய இரண்டையே பெரிதும் சுற்றி அமைந்தன. கடல்வழிச் சாகசக் கதை என்ற நிலையில் இப்படைப்பு எழுப்பும் வினா வேறு: கடல் கடந்து சென்ற படைக்குச் சோறிட்டது எந்த நாடு? நாவல் இவ்வினாவிற்குத் தரும் விடையையும் தஞ்சைக் கல்வெட்டு தரும் விடையையும் எதிரெதிரே வைத்து, அவற்றின் ஒளியில் திரை வரவேற்பை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பொன்னியின் செல்வன், கல்கி, கடற்சாகசம், காவிரிப்படுகை, ஈழப்போர், திரைத்திறனாய்வு.

முன்னுரை

கல்கி இதழில் 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வன், ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் திரைக்கு வராமலே இருந்தது. எம்.ஜி.ஆர். 1958இல் அதனைப் படமாக்கப்போவதாக அறிவித்தார், படம் உருவாகவில்லை. 1999இல் மேஜிக் லேண்டர்ன் நாடகக்குழு சென்னையில் அதனை மேடையேற்றியது. அதற்கு நாடக வடிவம் தந்த இளங்கோ குமரவேல் பின்னாளில் மணிரத்னத்தின் திரைக்கதையாக்கத்திலும் பங்குகொண்டார். ஜெயமோகன் உரையாடல் எழுத, முதற்பாகம் 2022 செப்டம்பர் 30 அன்றும் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளிவந்தன. முதற்பாகம் எழுபதாவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப்படம், ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஒலி வடிவமைப்பு என நான்கு விருதுகளைப் பெற்றது.

நெடிய காத்திருப்பு வரவேற்பின் தன்மையையும் ஓரளவு முன்னரே வரையறுத்துவிட்டது எனலாம். நாவலைப் படித்திருந்தவர்கள் தம் மனத்தில் ஏற்கெனவே ஒரு படத்தை ஓட்டிக்கொண்டுதான் திரையரங்கிற்கு வந்தனர். அந்த மனப்படத்தின் மாந்தர்க்கு ஓவியர் மணியத்தின் கோடுகளே முகம்.

வரவேற்பின் இரு தடங்கள்

முதல் தடம், ஒப்பீடு. சேந்தன் அமுதனே சோழ அரியணைக்கு உரியவன் என வெளிப்படும் நாவலின் திருப்பம் படத்தில் இல்லை. மணிமேகலை என்னும் பாத்திரம் அடியோடு நீக்கப்பட்டது. இவ்விடுபாடுகளைத் தொகுப்பது எளிது. அவ்வகைத் திறனாய்வும் பெரும்பாலும் பட்டியலளவிலேயே நின்றுவிட்டது. தமிழகத்திற்கு வெளியிலோ ஒப்பீடு நாவலோடு நிகழாமல் பாகுபலியோடு நிகழ்ந்தது.

இவ்வொப்பீடுகளில் கவனம் பெற வேண்டிய ஒன்று நாவலின் பாகத் தலைப்புகளில் உள்ளது. புதுவெள்ளம், சுழற்காற்று, கொலைவாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்கள். முதலிரண்டும் நீரையும் காற்றையும் குறிப்பன. வாளும் முடியும் அவற்றிற்குப் பின்னரே வருகின்றன. நாவல் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. வந்தியத்தேவன் அரண்மனைச் சூழ்ச்சியைக் கேட்பதற்கு முன் சோழநாட்டின் நீரைக் காண்கிறான். திரைப்படம் இராட்டிரகூடப் போர்க்களத்தில் தொடங்குகிறது. படுகையின் செழிப்பு பெரும்பாலும் ‘பொன்னி நதி’ என்னும் ஒரு பாடலுக்குள் அடங்கிவிடுகிறது. படப்பிடிப்பின் ஒரு பகுதி நருமதைக் கரையிலுள்ள மகேசுவரத்தில் நடந்தது என்பதைக் குறையாகக் கூற வேண்டியதில்லை. எந்த ஆற்றைக் காட்டினர் என்பதைவிட, ஆறு கதையில் என்ன வேலை செய்கிறது என்பதே நோக்கத்தக்கது.

இரண்டாம் தடம் சமயம் பற்றியது. இராசராசனை இந்து மன்னனாகக் காட்டுவது அடையாளப் பறிப்பு என 2022 அக்டோபரில் இயக்குநர் வெற்றிமாறன் கூறினார். அக்காலத்தில் இந்து மதம் என்னும் பெயர் வழங்கவில்லை. சைவம், வைணவம், சமணம் என்பனவே இருந்தன எனக் கமல்ஹாசன் அக்கருத்திற்குத் துணைநின்றார். எதிர்ப்புகளும் எழுந்தன. சிவபாதசேகரன் என்னும் பட்டமும், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலத்து வருவாய் வழங்கப்பட்டதைக் கூறும் லெய்டன் செப்பேடும் ஒருசேர வைத்து நோக்கவேண்டிய சான்றுகள். ஆயினும் விவாதம் படத்தைக் கடந்துவிட்டது. திரையில் வருபவன் இன்னும் அரியணை ஏறாத அருள்மொழிவர்மன். பெரியகோயில் நிறைவுற்றது 1010இல்; கதை நிகழ்வது அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முன்னர்.

கடற்சாகசமும் கொள்ளை என்னும் பழியும்

கடற்சாகசக் கதையின் நாயகனுக்கு இயல்பாகவே ஒரு பழி காத்திருக்கிறது. கடல் கடந்து படையோடு செல்பவன் வீரனா, கொள்ளையனா? தமிழ்ப் புனைவு இப்பழியினின்று தன் நாயகனை விடுவிக்கப் பல வழிகளைக் கண்டிருக்கிறது. பி.ஆர். பந்துலுவின் ஆயிரத்தில் ஒருவன் (1965) படத்தில் மருத்துவன் மணிமாறன் அடிமையாக விற்கப்பட்ட பின்னரே கடற்கொள்ளையர் கப்பலுக்கு வந்துசேர்கிறான். ஹாலிவுட்டின் கேப்டன் பிளட் (1935) தந்த கதையமைப்பு அது. அடிமைத்தளை அவனது கொள்ளையை முன்னதாகவே மன்னித்துவிடுகிறது. சாண்டில்யனின் கடல் புறாவில் கருணாகரனுக்குக் கடற்போர் கற்பிக்கும் அகூதா கொள்ளையர் தலைவன். நாயகனின் பயணமோ அரசகாரியமாகிவிடுகிறது.

கல்கி கையாண்ட வழி இவற்றினும் நுட்பமானது. அவர் விடுதலையை நெல்லில் வைத்தார். ஈழத்தில் போரிடும் சோழப்படைக்கு வேண்டிய உணவைச் சோழநாட்டிலிருந்தே கப்பல்களில் அனுப்பவேண்டும் என்பது அருள்மொழியின் நிலைப்பாடு. வென்ற நாட்டிலேயே படை உணவைத் திரட்டிக்கொள்வதே போர்முறை என்பது பழுவேட்டரையரின் வாதம். அரண்மனைப் பூசலாக மட்டும் இதனைப் படிப்போர் உண்டு. உண்மையில் ஒரு படையெடுப்பைக் கொள்ளையிலிருந்து பிரிக்கும் கோடு இங்கேதான் வரையப்படுகிறது. அநுராதபுரத்தில் சிதைந்த விகாரங்களைச் செப்பனிடச் செய்வதும், பிக்குகள் அளிக்க முன்வந்த அரியணையை மறுப்பதும் அதன் தொடர்ச்சியே. அரியணை மறுக்கும் காட்சி படத்திலும் உண்டு. முடியை மறுத்தல் கண்ணுக்குக் காட்சியாகும். நெல்லை அனுப்புதல் கணக்காகும். திரை முன்னதையே விரும்புவது வியப்பன்று. ஆனால் படத்தைப் பற்றி எழுதியோரும் கணக்கின் பக்கம் பெரிதும் திரும்பவில்லை.

தமிழில் ‘கலம்’ என்னும் சொல் மரக்கலத்தையும் குறிக்கும். பன்னிரண்டு மரக்கால் கொண்ட நெல்லளவையையும் குறிக்கும். காவிரிப்படுகையில் இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தொட்டே வாழ்ந்தன. அரிசிலாறு, வெண்ணாறு எனப் பிரிந்த கிளைகள் வயல்களுக்குப் பாய்ந்து, எஞ்சியது கடல் சேரும் நிலப்பரப்பு அது. நாவலில் காய்ச்சலுற்ற அருள்மொழி கோடிக்கரையிலிருந்து நாகப்பட்டினத்திற்குக் கால்வாய் வழியாகவே படகில் கொண்டுசெல்லப்படுகிறான். பூங்குழலி கடலிலும் கால்வாயிலும் ஒரே துடுப்பைப் பிடிப்பவள். (நாகப்பட்டினத்து விகாரம் உண்மையில் கதை நிகழும் காலத்திற்குப் பின்னர், இராசராசன் ஆட்சியில் ஸ்ரீவிசய மன்னரால் எழுப்பப்பட்டது, கல்கி அதனை முன்னிழுத்துக்கொண்டார்.)

கல்வெட்டில் நெல்லின் திசை

சுந்தரசோழன் காலத்து ஈழப்போரில் கொடும்பாளூர்ச் சிறிய வேளார் மடிந்தார் எனக் கல்வெட்டால் அறிகிறோம். இளவயது அருள்மொழி அங்குப் படைநடத்தியதும் உணவுக்கப்பல் கேட்டதும் கல்கியின் புனைவு. வரலாற்றின் இராசராசன் அரியணை ஏறிய பின்னர் ஈழத்தின் வடபகுதியை வென்றான். தஞ்சைப் பெரியகோயிலுக்கு அவன் அளித்த ஊர்களைக் கூறும் கல்வெட்டில் ஈழத்து ஊர்களும் இடம்பெறுகின்றன. அவற்றிலிருந்து நெல்லும் காசும் இலுப்பை எண்ணெயும் தஞ்சைக்கு வரவேண்டும். நாவலில் நெற்கலம் காவிரியிலிருந்து ஈழத்திற்குச் செல்கிறது. கல்வெட்டிலோ ஈழத்திலிருந்து காவிரிக்கரைக்கு வருகிறது.

இத்திசைமாற்றத்தை எவ்வாறு பெயரிடுவது என்பதில் அறிஞரிடையே ஒருமை இல்லை. நீலகண்ட சாஸ்திரியார் சோழரை ஒழுங்கான ஆட்சியமைப்புடைய பேரரசாகக் கண்டார். ஜார்ஜ் ஸ்பென்சர் 1976இல் வெளியிட்ட கட்டுரையில் சோழரின் ஈழப்படையெடுப்புகளைக் கொள்ளையின் அரசியலாக விளக்கினார். சூளவம்சம் சோழப்படைமீது சுமத்தும் கொள்ளைப்பழியும் அவர் நோக்கிற்கு இசைவானது. ஆண்டுதோறும் வரவேண்டிய நெல்லையும் எண்ணெயையும் கல்லில் எழுதி வைப்பது வெறுங்கொள்ளைக்கு உரிய செயலன்று, அது வரி. ஆயினும், கொள்ளை நிலைபெற்றால் வரியாகும் என்பதை ஈழத்து உழவன் நோக்கிலிருந்து மறுப்பது கடினம். சமயம் பற்றிய விவாதத்தில் இராசராசன் யாருடையவன் என்று கேட்டோர், அவனது கோயிலில் அளக்கப்பட்ட நெல் யாருடையது என்பதையும் கேட்டிருக்கலாம்.

பசியைக் காட்டிய படம்

சோழரையும் சோற்றையும் நேரடியாக இணைத்த திரைப்படம் இவ்விரண்டிற்கும் முன்னரே வந்தது. செல்வராகவனின் ஆயிரத்தில் ஒருவன் (2010) கடல் கடந்த தீவொன்றில் மறைந்து வாழும் சோழ வழியினரைக் கற்பனை செய்தது. அவர்கள் தஞ்சையிலிருந்து வரப்போகும் தூதுக்காகக் காத்திருக்கின்றனர். குடிகள் பசியால் வற்றியிருக்கின்றனர். பேரரசின் நெற்கலம் எத்திசையிலிருந்தும் வராத நிலை அது. வெளிவந்தபோது படத்தின் முற்பாதிச் சாகசம் பாராட்டப்பட, பிற்பாதி குழப்பமானது எனப் பலரால் குறைகூறப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் மதிப்பீடு மாறி, படம் மீண்டும் மீண்டும் எடுத்துப் பேசப்படலாயிற்று. பசித்த சோழர் தோன்றுவது, முதலில் குறைகூறப்பட்ட அந்தப் பிற்பாதியில்தான்.